மருமகளின் சர்க்கரையும் பேத்தியின் பாலும்

காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

மருமகளுக்குச் சர்க்கரை நோய். அது பால் வழியாகப் பேத்திக்கும் போய்விடும் என்று நானே படித்துத் தெரிந்துகொண்டு, மூன்று நாளாக டப்பா பால்தான் கொடுக்கச் சொன்னேன்.

இன்று எங்கள் தீவின் டாலிகஞ்ச் பகுதியில் வீடு வீடாகத் தாய்மாரைப் பார்க்கும் ஆராய்ச்சிக் குழுப் பெண் வந்தாள்.

"சர்க்கரை இருந்தாலும் தாய்ப்பால்தான் நல்லது அங்கிள். அம்மாவுக்கும் நல்லது."

"மெயின்லேண்டுலேர்ந்து வந்து எனக்கே பாடம் நடத்துறியா?"

"நானும் இந்தத் தீவுதான் அங்கிள், பக்கத்துல ஷாதிபூர். அடுத்த கப்பல்ல ஓடிப்போற ஆள் இல்ல. நாளைக்கும் வருவேன்."

"இதத்தானே மாமா மூணு நாளா சொல்றேன்," என்று மருமகள் அழுதுகொண்டிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பால் கொடுக்க உள்ளே போனாள். அழுகை நின்றது.

நான் சொன்னது சரி என்பவர்கள் மட்டும் இந்தப் பதிவுக்குக் கீழே கருத்து எழுதுங்கள். மற்றதை மருமகளே சொல்லிவிட்டாள்.