தும்பி தேட ஒரு கட்டி சோப்பு

இங்கே இங்கிலாந்தில் சனிக்கிழமை காலையானால், பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடத் தும்பி தேடிச் சதுப்புநிலப் பூங்காவுக்குக் கிளம்பிவிடுகிறார்கள். பிடிப்பதற்கில்லை, சும்மா பார்த்து எண்ணுவதற்கு! இரண்டு வருஷமாகத் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மார்கரெட் அம்மா ஒருநாள் என்னையும் கூப்பிட்டார். இந்த ஊரில் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு, விடுவேனா? முழங்கால் வரை சோப்பைத் தடவிக்கொண்டு போய் நின்றேன். இலங்கையில் எங்கள் டயகம தேயிலைத் தோட்டத்தில் ஈரப்புல்லில் கால் வைப்பதென்றால் ரத்தம் குடிக்கும் அட்டைக்குப் பயந்து எல்லோரும் செய்வதுதானே. தூறல் விழுந்தது. என் கால்களில் நுரை பொங்கியது.

"குளித்து முடிக்க நேரம் கிடைக்கவில்லையா?" என்று மார்கரெட் அக்கறையாகக் கேட்டார்.

மானம் போயிற்று. அதை மீட்கிறேன் பேர்வழி என்று வாயை விட்டேன். எங்கள் தோட்டத்தில் தும்பி தானாக வந்து மேலே உட்காரும், லீவில் போகும்போது படம் அனுப்புகிறேன் என்றேன். வந்திருந்த ஆறு பேரும் நம்பித் தொலைத்தார்கள்.

டயகமவில் லீவு முழுக்க விருந்து, கோயில் என்று ஓடிவிட்டது. படமில்லாமல் எந்த மூஞ்சியோடு அந்த ஆறு பேர் முன்னால் நிற்பது? கடைசி நாள் காலை, அரைக்கால் சட்டையோடு ஓடைக்கு ஓடினேன். கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்த என் தங்கை செல்வி பார்த்துவிட்டாள்.

"என்னாண்ணே, என்னத்த தொலைச்சீங்க?"

"தும்பி தேடுறேன்."

"அட கடவுளே! தட்டாம்பூச்சி பாக்கவா பிளேன் ஏறி வந்தீங்க? சரி, கால்ல சோப்பு போட்டீங்களா?"

குனிந்து பார்த்தேன். ஏழு அட்டை! நான் போட்ட கூச்சலில் செல்வி சிரித்துச் சிரித்துக் கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஒரு சிவப்புத் தும்பி என் முழங்காலில் வந்து உட்கார்ந்தது.

"அசையாதீங்க!" என்று அவளே என் போனை வாங்கிப் படம் எடுத்தாள். அட்டைகள் குடித்தன. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

படத்தை அனுப்பினேன். மார்கரெட்டின் பதில் உடனே வந்தது: "அருமை! தும்பிக்குக் கீழே இருக்கும் குண்டுப் பூச்சியின் பெயர் என்ன?"

பெட்டி கட்டும்போது செல்வியிடம் நுரை பொங்கிய கதையைச் சொன்னேன். அவள் ஒரு சோப்புக் கட்டியை இரண்டாக அறுத்து, ஒரு பாதியைப் பெட்டிக்குள் திணித்தாள்.

"அங்க அட்டையே இல்ல செல்வி."

"எதுக்கும் இருக்கட்டுங்கண்ணே. மத்த பாதி இங்க ஒங்களுக்குன்னு இருக்கும். அடுத்த தடவையும் மறந்துட்டுத்தான் வருவீங்க."

பாதிச் சோப்பை ஒரு சட்டையில் சுற்றிவைத்துப் பெட்டியைப் பூட்டினேன்.

இன்று சனிக்கிழமை. மார்கரெட் கதவைத் தட்டுகிறார். செல்வி தந்த பாதிச் சோப்பை ஒரு காலில் மட்டும் தடவிக்கொண்டு கிளம்புகிறேன்.