பரிஸில் பார்க்கவேண்டிய ஐந்து இடங்கள்

எங்கள் வீட்டில் பொய் சொன்னால் அடி விழும். பரிஸைப் பற்றி மட்டும் உண்மை சொன்னால் அடி விழும். ரொறன்ரோவுக்கு வந்து இறங்கிய முதல் கிழமையே அப்பா இதைத் தெளிவாக்கிவிட்டார்.

"நாங்கள் பரிஸிலை நிக்கேல்லை. பிளேன் மாறினது மட்டுந்தான். ஆர் கேட்டாலும் உதுதான் கதை, விளங்குதோ?"

உண்மையில் அங்கே ஒரு குளிர்காலம் முழுவதும் இருந்தோம். அது தெரியவந்தால், அந்த நாட்டில் உங்களுக்கு என்ன குறை என்று கேட்டு, எங்கள் அகதிக் கோரிக்கையைத் தள்ளி, கொழும்புக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று டோர்செட் பார்க்கில் நாங்கள் இருந்த மாடிக் கட்டடத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். கொழும்பு என்றால் எனக்குப் பக்கத்து வீடு எரிந்த மணம்தான் ஞாபகம். ஆகவே அப்பா சொன்ன கதையை வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கி வைத்திருந்தேன்.

அப்படியிருந்தும் நானே போய் மாட்டிக்கொண்டேன். நாலாம் வகுப்பில் ரீச்சர் ஒரு தொப்பிக்குள் தலைநகரங்களின் பெயரைச் சீட்டெழுதிப் போட்டுக் குலுக்கினார். எந்த நகரம் வருகிறதோ, அங்கே போகிறவர்கள் பார்க்கவேண்டிய ஐந்து இடங்களைப் பெரிய மட்டையில் படம் கீறி எழுதவேண்டும். என் கைக்குப் பரிஸ் வந்தது. மற்றப் பிள்ளைகளைப்போல நூலகத்துப் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருந்தால் ஒரு வில்லங்கமும் இல்லை. ஆனால் அந்த வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது அதுதான் முதல் தடவை. தலை வீங்கிவிட்டது. எனக்கிருந்த அரைகுறை ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் எழுதித் தள்ளினேன்.

ஈபிள் கோபுரத்துக்குக் கீழே நிற்கக் காசு கேட்கமாட்டார்கள். நாலு காலில் ஒன்றுக்குப் பின்னால் நின்றால் காற்று அடிக்காது. ஆற்றங்கரைப் பெரிய தேவாலயத்தில் மெழுகுதிரிகளுக்குக் கிட்ட இருக்கவேண்டும். கண்ணை மூடிக்கொண்டிருந்தால் ஒருவரும் எழுப்பமாட்டார்கள். பெரிய ஓவிய மாளிகைக்கு ஞாயிற்றுக்கிழமை போகவேண்டும். அன்றைக்கு ரிக்கற் தேவையில்லை. சிரிக்கிற பெண்ணின் படத்துக்கு முன்னால் சனம் இடிபடும். இரண்டு அறை தள்ளிப் போனால் சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார ஒரு வாங்கு இருக்கிறது. கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கடையில் மேல்மாடிக் கழிப்பறையில் சுடுதண்ணீர் வரும். நிலத்தடி ரயிலுக்கு ஒருமுறை ரிக்கற் எடுத்தால், வெளியே வராதவரைக்கும் நாள் முழுக்க ஓடலாம்.

ரீச்சர் அதை இரண்டு தடவை வாசித்தார். யார் கூட்டிக்கொண்டு போனது என்று கேட்டார். அம்மா என்றேன். எத்தனை தரம் என்றார். ஒவ்வொரு நாளும் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரு தங்க நட்சத்திரத்தை ஒட்டி, வியாழக்கிழமை மாலை பெற்றோர் வரும்போது பார்க்கட்டும் என்று நடைபாதைச் சுவரில் முதலாவதாக மாட்டிவிட்டார்.

அப்போதுதான் எனக்கு விறைத்தது. என் வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பிள்ளையும் இருந்தாள். அவளுடைய அப்பா மட்டக்களப்புக்காரர், எங்களுக்கு வெகுகாலம் முன்பே வந்து வெக்ஸ்போர்ட்டில் வீடு வாங்கி இருப்பவர். அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பதற்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் தமிழ்க் கடைக்குள் வந்தால் எங்கள் ஆட்கள் கதையை நிறுத்திவிட்டு வெண்டிக்காய் பொறுக்குவார்கள். எங்கள் விசாரணை அடுத்த செவ்வாய்க்கிழமை.

மட்டையில் பிழை இருக்கிறது, கழற்றித் தாருங்கள் என்று ரீச்சரிடம் கெஞ்சிப் பார்த்தேன். பிழையே இல்லை என்று முதுகில் தட்டினார். மூன்று இரவு எனக்கு நித்திரை இல்லை. கண்ணை மூடினால் ஒரு பொலிஸ்காரன் என் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எங்கள் கதவைத் தட்டினான். வியாழக்கிழமை பின்னேரம் அம்மாவிடம் அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அம்மா அடுப்பை நிற்பாட்டினார்.

"அப்பாட்டைச் சொல்லிப்போடாதை," என்று மட்டும் சொன்னார்.

அப்பாவுக்கு அன்று ஒஷாவாவில் பின்னேர வேலை. அம்மா சேலைக்கு மேல் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு என்னுடன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நடைபாதையில் என் மட்டையைக் கண்டதும் நேரே போய் அதில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். ரீச்சர் வந்து தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டார். அம்மா சிரித்தார், அசையவில்லை. கதிரை கொண்டுவந்து போட்டார்கள், இருக்கவில்லை. மூக்கு நுனியில் வியர்வை வடிந்தும் கோட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் மறைப்பு குறைந்துவிடும் என்று எனக்கும் விளங்கியது. நானும் பக்கத்தில் நின்று என்னாலான அகலத்தைக் காட்டினேன்.

முக்கால் மணித்தியாலம் கழித்து அந்த மட்டக்களப்புக்காரர் வந்தார். அவருடைய மகள் கையைப் பிடித்து நேரே எங்களிடமே இழுத்துக்கொண்டு வந்தாள். இதற்குத்தான் நட்சத்திரம் கிடைத்தது என்று அவள் ஆங்கிலத்தில் சொன்னது என் காதில் இடிபோல விழுந்தது.

"கொஞ்சம் விலகுங்க தங்கச்சி, பிள்ளை எழுதினதப் பாப்பம்," என்றார் அவர்.

"அதிலை ஒண்டுமில்லை அண்ணை. சும்மா புத்தகத்தைப் பாத்துக் கீறினது."

அவர் சிரித்துக்கொண்டே காத்து நின்றார். பெரிய மனிதர் ஒருவர் நிற்கும்போது எவ்வளவு நேரம்தான் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பது? அம்மா விலகினார். அவர் முதல் இடத்திலிருந்து ஐந்தாவது இடம்வரை விரலை வைத்து வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து மிக மெதுவாகக் கேட்டார்.

"பகல்ல அறைக்குள்ள இரிக்க விடல்லியா உங்கள?"

அம்மா தலையைக் குனிந்தார். "ஏழு பேர் அண்ணை. இரவு வேலைக்குப் போறவை பகலிலை படுப்பினம். இவர் வேலையாலை வாறது இரவு எட்டுக்குப் பிறகுதான்."

எனக்கு உயிரே போய்விட்டது. இவ்வளவு நேரம் மறைத்துவிட்டு அம்மாவே பரிஸை ஒப்புக்கொண்டுவிட்டார்! அம்மாவின் கையை நுள்ளினேன். அம்மா கவனிக்கவேயில்லை. அழுதுகொண்டிருந்தார். அந்த மனிதர் என் தலையில் கையை வைத்து, "நல்லா எழுதியிரிக்காய் மகள்," என்று சொல்லிவிட்டுத் தன் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை விசாரணை அறையில் மொழிபெயர்க்க இருந்தவர் அவரேதான். அவரைக் கண்டதும் நான் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டேன். எந்த வழியாக வந்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். அப்பா, பரிஸில் பிளேன் மாறினோம் என்றார். அவர் அப்பாவின் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை. அதிகாரி எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

எனக்கு அந்த மனிதரைப் பற்றி ஒரு முடிவுக்கும் வரமுடியவில்லை. கோபுரத்தையும் தேவாலயத்தையும் பற்றி அவ்வளவு விபரமாக எழுதியிருந்தும் அவற்றை ஒரு வார்த்தை விசாரிக்காமல், நான் எங்குமே எழுதாத அறையைப் பற்றிக் கேட்டாரே! ஆங்கிலம் இவ்வளவு தெரிந்தவருக்கு வாசிக்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

மாதங்கள் கழித்து எங்களை ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அப்பா அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்தார். அன்று அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். சந்தோசத்தில் எனக்கு ஏதாவது பெரிதாகக் கொடுக்கவேண்டும் போலிருந்தது.

"அம்மா, நான் வளந்து உழைச்சு உங்களைத் திரும்பப் பரிஸுக்குக் கூட்டிக்கொண்டு போறன். அஞ்சு இடமும் ஆறுதலாப் பாத்திட்டு வருவம்," என்றேன்.

அம்மாவின் கத்தி நின்றது. "வேண்டாம் பிள்ளை," என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த அதிகாரி மேலிருந்த பயம் அம்மாவுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.