கணக்கில் குறைந்த ஒரு வெங்காயம்

மரபணு ஆராய்ச்சி என்றால் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும்தான் என்று நினைக்கிறவர்கள் எங்கள் பண்ணைக்கு ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். என் உத்தியோகத்தில் பாதி, எண்ணுவதுதான். எத்தனை நட்டோம், எத்தனை முளைத்தது, எத்தனை செத்தது. அரியலூர் பக்கத்தில் சிமெண்ட் லாரிகள் ஓடுகிற சாலையை ஒட்டி எங்கள் வலைக்கூடம் இருக்கிறது. வாரம் ஒருமுறை வலையைக் கழுவாவிட்டால் தூசி அப்பிக்கொண்டு செடிக்கு வெளிச்சம் இறங்காது. அதையும் நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

நான் வேலை பார்ப்பது சின்ன வெங்காயத்தில். சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூர் பக்கம் பிறந்தவள் வேறு எதைப் பிடித்துக்கொண்டு தொங்குவாள்? திருகல் நோய் வந்தால் தாள் சுருண்டு, கழுத்து நீண்டு, அடியில் காய் பிடிக்காமல் வயலே அழுகிப்போகும். அந்த நோயைத் தாங்குகிற மரபணு ஒன்றை வெங்காயத்துக்குள் ஏற்றுவதிலேயே எனக்குப் பதினெட்டு வருஷம் ஓடிவிட்டது. வெங்காயம் லேசில் வழிக்கு வருகிற பயிர் இல்லை. புட்டியில் வைத்த துணுக்கெல்லாம் பழுப்பாகிச் செத்துப்போகும். தப்பித்ததில் பூஞ்சை பிடிக்கும். ஒருவழியாக ஒரே ஒரு செடி பிழைத்து வேர்விட்ட அன்று, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஆய்வகத்தில் உட்கார்ந்து அழுதேன். எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் வேண்டிய விதை வெங்காயம் கொடுத்தது என் அண்ணன். அப்பாவுக்குப் பிறகு அவர்தான் வெள்ளாமை பார்க்கிறார். வயலோரத்தில் குச்சி நட்டு, மேலே ஓலை வேய்ந்து, காற்றாட வெங்காயம் கொட்டிவைக்கிற பட்டறை ஒன்று உண்டு. நான் கேட்கும்போதெல்லாம் அதிலிருந்து அள்ளிக் கொடுப்பார். கொடுத்துவிட்டு, பாப்பா வெங்காயத்துக்கு ஊசி போடப் போகிறாள் என்று அண்ணியிடம் கேலி பேசுவார். ஊரில் யாராவது என்னைப் பற்றி விசாரித்தால், பதினெட்டு வருஷமாக ஒரே வெங்காயத்தை உரித்துக்கொண்டிருக்கிறாள் என்பார். நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருக்கும்.

போன தையில் எங்கள் முதல் சோதனைச் சாகுபடி அறுவடைக்கு வந்தது. பாதிப் பாத்திகளில் எங்கள் வெங்காயம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மீதியில் அண்ணன் கொடுத்த சாதாரண வெங்காயம். எங்களுடையது நோயைத் தாங்கியது. ஆனால் காய் சிறுத்துவிட்டது. அது போகட்டும், இனிமேல் சரிசெய்து கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். இந்த மாதிரிச் சாகுபடிக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. எந்தப் பாத்தியில் விளைந்ததானாலும் ஒரு காய்கூட வெளியே போகக் கூடாது. எல்லாவற்றையும் அரசு அதிகாரி முன்னால் எரித்துப் புதைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் அனுமதி ரத்தாகலாம். ரத்தானால் என் வேலை அத்தனையும் அந்தக் குழியிலேயே முடிந்துவிடும்.

அறுவடையன்று அண்ணன் பார்க்க வந்திருந்தார். அந்த வருஷமும் அவருடைய வயலில் திருகல் நோய். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பாத்தி பாத்தியாக நடந்தார். நான் எடைபோடுகிற வேலையில் இருந்தேன். எடையும் எண்ணிக்கையும் எழுதி முடித்ததும், எரிக்கத்தானே போகிறோம் என்று இரண்டு வகையையும் ஒரே குவியலாகக் கொட்டச் சொன்னேன். அது என் புத்திகெட்டதனம். மறுநாள் எண்ணிப் பார்த்தால் ஒரு காய் குறைந்தது. மூன்று தடவை எண்ணினேன். குறைந்தது குறைந்ததுதான், எந்த வகையில் குறைந்தது என்றும் சொல்ல முடியவில்லை. செவ்வாய்க்கிழமை அதிகாரி வருகிறார்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இன்னொருவர் களத்துக்குப் போனால், நல்ல காயாக ஒன்றை எடுத்து உருட்டிப் பார்ப்பார். பிடித்திருந்தால் விதைக்கு என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். அதை யாரும் திருட்டு என்று சொல்ல மாட்டார்கள். இது நினைவுக்கு வந்ததும் எனக்கு அண்ணன் மேல் சந்தேகம் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ் பிடித்து ஊருக்குப் போனேன்.

அண்ணன் பட்டறையில் அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கி ஒரு காய் எடுத்தீங்களாண்ணே?"

"எடுத்தேன். அதுக்கென்ன இப்ப?"

விதியைச் சொன்னேன். அதிகாரி வருவதைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

"என் பட்டறையிலேருந்து மூட்டை மூட்டையா கொண்டு போனியே பாப்பா, ஒருநாளாச்சும் நான் எண்ணிப் பாத்தனா?"

தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவரே எழுந்து போய், பட்டறைக் குச்சியில் தனியாகத் தொங்கிய ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அந்த ஒரே காய், வெயில் படாமல், பத்திரமாக. என் உள்ளங்கையில் வைத்துவிட்டு மறுபடியும் அழுகல் பொறுக்க உட்கார்ந்துவிட்டார். அண்ணி காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை அந்தக் காயில் ஒரு துணுக்கைக் கிள்ளிச் சோதனைக்கு வைத்தேன். நாங்கள் ஏற்றிய மரபணு இருந்தால் விளக்கடியில் ஒரு கோடு தெரியும். இல்லாவிட்டால் தெரியாது. அண்ணன் எடுத்த காய்க்குக் கோடு இல்லை. நம்பிக்கை வராமல் இன்னொரு முறையும் வைத்தேன். அப்போதும் இல்லை. அது அண்ணன் கொடுத்த அதே சாதாரண வெங்காயம்தான். நாற்காலியில் சாய்ந்து நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

நடந்தது முழுவதையும், எடுத்தவர் என் அண்ணன் என்பது உட்பட, பதிவேட்டில் எழுதினேன். அதிகாரி நன்றாகவே திட்டினார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அண்ணனின் காயும் மற்றவற்றோடு எரிந்தது. சோதனை தொடரலாம் என்றார்கள்.

சாயங்காலம் சந்தோஷமாக அண்ணனுக்கு போன் செய்தேன். ஒன்றும் பயமில்லை, நீங்கள் எடுத்தது நம் வயல் வெங்காயம்தான் என்றேன்.

"அப்ப அது நோய் தாங்குறது இல்லியா?" என்றார்.

"இல்லண்ணே."

"கூட்டத்துலயே அதான் பெருசா, உருண்டையா இருந்துச்சு. கண்டிப்பா உன்னுதாத்தான் இருக்கும்னு எடுத்தேன் பாப்பா."

சிறுத்துப்போனதுதான் என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த தடவை வாங்க, எது என்னுடையது என்று நானே காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.