இடப்பக்கம் வந்த மூடி

மின்வெட்டுக் காலத்துக்குக் கொஞ்சம் முன்பிருந்தே வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங்கில் இருந்தேன். தைத்து வரும் பனியனை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளுவதுதான் வேலை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கோவில்பட்டிப் பக்கமிருந்து தனியாக வந்தவள் நான். பிள்ளை குட்டி கிடையாது. கண் இருக்கும்வரை சோறு, அவ்வளவுதான். மற்றவர்கள் விட்ட ஊசி ஓட்டையை நான் பிடித்துவிடுவேன் என்பதில் கர்வமும் உண்டு.

பஞ்சுத் தூசியில் எல்லோருக்கும் கண் அரிக்கும், சிவக்கும். எங்கள் டேபிளை ஒட்டிய ஜன்னலில் ஒரு சொட்டு மருந்து பாட்டில் எப்போதும் இருக்கும். தெருமுக்கில் இருந்த மெடிக்கல்காரர் டாக்டர் சீட்டுக் கேட்காமல் கொடுப்பது. போட்ட கொஞ்ச நேரத்தில் கண் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். மற்றவர்கள் அரித்தால் போட்டுக்கொள்வார்கள். நான் அரிக்காத நாளிலும் போட்டுக்கொண்டேன், வருடக்கணக்காக. சோறு போடும் கண்ணை நன்றாகப் பார்த்துக்கொள்கிறேனாம்.

சாப்பாட்டு நேரத்தில் எங்கள் டேபிளில் ஒரு வழக்கம் இருந்தது. வேண்டுமா என்று யாரும் கேட்பதில்லை, கேட்டால் வேண்டாம் என்றுதான் வாயில் வரும். டிபன் பாக்ஸ் மூடியில் கொஞ்சம் குழம்போ பொரியலோ வைத்து, பக்கத்தில் இருப்பவள் கைக்கு எட்டுகிற மாதிரி பேசாமல் தள்ளிவிடுவார்கள். எடுத்துக்கொண்டு மூடியைக் கழுவித் தர வேண்டும். தொடாமல் விட்டால் உன் வீட்டுச் சாப்பாடு எனக்கு ஆகாது என்று அர்த்தம். அதற்குள் சாதியும் இருந்தது, யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

என் இடப்பக்கம் உட்கார்ந்தவள் உள்ளூர்க்காரி, என்னைவிட இளையவள். "தட்டப்பயிறுங்கக்கா, காரம் கம்மிதானுங்க" என்று முதலில் சொல்லித் தருவாள். பழகிய பிறகு சொல்லாமலே மூடி வரும். அவள் கைக்குழம்பு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது என்று ஆகிவிட்டது. அப்புறம் ஒரு கட்டத்தில் மூடி வருவது நின்றுபோனது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்பேனா நான்? வெறும் மோர்ச்சோற்றைத் தின்றுவிட்டுக் கைகழுவ எழுந்து போனேன். கொஞ்ச நாளில் அவள் பேக்கிங் பக்கம் மாறிக்கொண்டாள். மற்றவர்களும் பேச்சைக் குறைத்தார்கள். "சிரிச்சாக்கூடத் திரும்பிப் பாக்காதுங்க அந்தம்மா" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. யார் சிரித்தார்கள், எப்போது சிரித்தார்கள்? போங்கடி என்று இருந்துவிட்டேன்.

வெளியில்தான் இந்த வீறாப்பு. வரிசையாக ஒண்டிக் குடித்தனங்கள் இருக்கும் லைன் வீட்டில் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினால், காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது உறைக்கும். அழுதுவிட்டுப் படுப்பேன்.

இப்படி இருக்கும்போது வீட்டுக்கார அம்மாவுக்கு ஒரு சாயங்காலம் திடீரென்று ஒரு கண் ரத்தமாகச் சிவந்து, தலை பிளக்கிற வலி. வாந்தி வேறு. "பல்பைச் சுத்தி வானவில்லாட்டத் தெரியுதுங்களே" என்று அரற்றினார். பித்தம் என்று யாரோ எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். லைன் வீடு மொத்தமும் அவர் வாசலில் நின்றது. மறுநாள் எங்கள் கம்பெனிக்குக் கரண்ட் லீவு. அதனால் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்கு நான் துணைக்குப் போனேன்.

அது கிளாக்கோமா, கண்ணில் அழுத்தம் ஏறுகிற நோய் என்று டாக்டரம்மா சொன்னார். கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் ஊறி வெளியே போய்க்கொண்டிருக்குமாம். வீட்டுக்கார அம்மாவுக்கு அந்த வழி திடீரென்று மூடிக்கொண்டது. அழுத்தத்தை மருந்தால் இறக்கி, லேசரில் கருவிழி ஓரத்தில் பொடி ஓட்டை போட்டு நீருக்கு வழி விட்டார்கள். இன்னொரு கண்ணுக்கும் முன்கூட்டியே போட வேண்டும் என்றார்கள். கத்திக் கூப்பாடு போட்டு வந்த நோய், சொன்ன பேச்சுக் கேட்டு அடங்கியது.

நான் அங்கே வராந்தாவில் இடப்பக்கம் நின்ற தள்ளுவண்டியில் மோதி மருந்துத் தட்டைக் கவிழ்த்துவிட்டேன். "உங்க கண்ணையும் காட்டுங்க" என்றார் டாக்டரம்மா. எனக்கு ஒன்றும் இல்லை, வலிகூட இல்லை என்றேன். கேட்கவில்லை. அழுத்தம் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என்ன மருந்து போடுகிறேன் என்று கேட்டார். கைப்பையிலிருந்து பாட்டிலைப் பெருமையாகவே எடுத்துக் கொடுத்தேன்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. சில பேருக்கு இதுவே அழுத்தத்தை ஏத்திடும். வழி மூடாது, சல்லடை மாதிரி உள்ளுக்குள்ள அடைச்சுக்கிட்டே வரும். வலிக்காது. ஓரத்துல இருந்துதான் பார்வை போகும். நடுவுல நல்லாத் தெரியறதால யாருக்கும் தெரியறதில்ல."

பார்வை எவ்வளவு பரப்புக்கு இருக்கிறது என்று பார்க்க ஒரு மிஷின் முன்னால் உட்காரவைத்தார்கள். வலது கண்ணை மூடிவிட்டு, நடுப்புள்ளியைப் பார்த்தபடி, சுற்றி எங்கே வெளிச்சம் மின்னினாலும் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். கொஞ்சம் அமுக்கினேன். அப்புறம் வெளிச்சம் வரவே இல்லை. காத்துக்கொண்டே இருந்தேன்.

"மிஷின் நின்னு போச்சு போலயே, தாயி" என்றேன் மிஷினைப் பார்த்துக்கொண்ட பெண்ணிடம்.

"இல்லீங்கம்மா. வந்துட்டேதானுங்க இருக்குது."

பட்டனைக் கீழே வைத்துவிட்டேன். கண்ணை நினைத்து அல்ல, மூடியை நினைத்து.

இடது கண்ணில் ஓரமெல்லாம் போய்விட்டது, வலதிலும் தொடங்கியிருக்கிறது என்றார்கள். அந்த மருந்தை உடனே நிறுத்தினார்கள். அழுத்தம் இறங்க வேறு சொட்டு, காலையும் ராத்திரியும், ஒரு வேளைகூட விடக் கூடாது. அதற்கும் இறங்காவிட்டால் நீர் போகப் புதுவழி செய்கிற ஆபரேஷன். எல்லாமே மிச்சத்தைக் காப்பாற்றத்தான், போனது திரும்பாது என்றார் டாக்டரம்மா. நடுப்பார்வை இருக்கிறது, வேலை பார்க்கலாம் என்றார். அதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் நான்.

மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் பேக்கிங் பக்கம் போனேன். அவளைக் காணவில்லை. சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

"அது நின்னு ஒரு மாசமாச்சுங்களே. வெள்ளகோவில் பக்கம் தறிக்குப் போயிருச்சுங்க, குடும்பத்தோட." பிறகு அவரே சொன்னார். "மூடிய வெச்சு வெச்சுப் பாத்துச்சாமுங்க. நீங்க தொடவே இல்லையாமா. சொல்லி அழுதுச்சுங்க. போற அன்னிக்கும் உங்ககிட்டச் சொல்லீட்டுப் போலாம்னு டேபிளுக்கு வந்து நின்னுச்சே. நீங்க நிமுந்தே பாக்கலீங்க."

"எந்தப் பக்கம் நின்னா?" என்று கேட்டேன்.

என்ன கேள்வி இது என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு என் டேபிளுக்கு இடப்பக்கம் கையைக் காட்டினார். காட்டிய கையைப் பார்க்க நான் கழுத்தை முழுதாகத் திருப்ப வேண்டியிருந்தது.