பெயர் இல்லாத பட்டியல்

தபால்காரர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் தன் பதினொரு தெருக்களில் எந்தக் கதவு எந்த நேரத்தில் திறக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. இருபது வருடங்களில் ஒரு கடிதம்கூட வாசல் மாறிப் போனதில்லை. அவர் படிக்கவைத்த தங்கை பெரிய ஆஸ்பத்திரியில் கணினிப் பிரிவில் சேர்ந்தபோது, கடிதம் கொடுத்த வாசல்களிலெல்லாம் அதையும் சேர்த்தே கொடுத்தார்: "ஆஸ்பத்திரி வெப்சைட்டு முழுக்க என் தங்கச்சி கையிலதான்."

முழுக்க இல்லை. தளத்துக்கு வருகிறவர்களை எண்ணுவதுதான் அவள் வேலை. எந்தப் பக்கம் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு, எந்தக் கருவியில், எவ்வளவு தூரம் படித்தார்கள் என்பதெல்லாம் பதிவாகும். பக்கத்துக் கிளினிக்கைக் காட்டுவதற்காக, வருகிறவர் எந்தப் பகுதி என்று தளம் கேட்கும், அதுவும் பதிவாகும். முதுகுவலிப் பக்கத்தைப் பாதியிலேயே விட்டுப் போகிறார்கள் என்று அவள் எடுத்துச் சொன்ன பிறகுதான், அது சாதாரண மனிதருக்குப் புரிகிற பேச்சில் மாற்றி எழுதப்பட்டது.

தலைமை மருத்துவருக்கு அதில் ஏகத் திருப்தி. இந்த மாத அறிக்கையை ஊழியர் எல்லோரும் பார்க்க அறிவிப்புப் பலகையில் போடச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை அவரிடம் கொடுத்துவிட்டு, அண்ணனுக்குக் காட்ட ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

ஞாயிறு காலை தபால்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, வரிக்குக் கீழே ஸ்கேலை வைத்து நகர்த்தி நகர்த்திப் படித்தார்.

"பேரே காணோமேம்மா?"

"பேரு எடுக்கவே மாட்டோம்ணா. யாரு வந்தாங்கன்னு எங்களுக்கே தெரியாது."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியுதே!"

"சும்மா அளக்காதீங்க."

"இங்க பாரு. தண்ணித் தொட்டிப் பகுதி, காலைல நாலரை மணி, மூட்டுவலிப் பக்கம், எழுத்தைப் பெருசாக்கிப் பார்த்திருக்காங்க. நம்ம ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர்தான். 'எனக்கு மூட்டெல்லாம் இரும்புய்யா'ன்னு போன வாரம்கூட என்கிட்ட பீத்திக்கிட்டாரு!"

அவள் சிரித்துவிட்டாள். ஸ்கேல் இறங்கியது.

"இது குறட்டை. போட்டோக்கடைக்காரர் வீட்டம்மா. பாவம், அந்த வீட்டுச் சுவரே அதிரும்."

"அண்ணா, பேசாம எங்க ஆபீஸ்ல வந்து உட்காருங்க."

அவருக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அடுத்த வரிக்கு ஸ்கேலை நகர்த்தினார். அங்கேயே நிறுத்தினார். உதடு மட்டும் அசைந்தது.

ரயில் பாதைக்குத் தெற்கே. டேப்லெட் கணினி. வேலை நாட்களில் மட்டும், காலை பதினொரு மணி. பதினான்கு முறை. வீட்டில் அடி உதை வாங்குகிறவர்களுக்கான உதவிப் பக்கம்.

"என்னண்ணா?"

"பாதைக்குத் தெற்கே டேப்லெட் இருக்கிறது ஒரே வீட்லதான். பார்சலைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினதே நான்தான். பதினொரு மணிக்கு அந்த வீட்ல ஒரே ஒரு ஆள்தான் இருப்பாங்க." ஸ்கேலை எடுத்துவிட்டார். "உங்க ஆஸ்பத்திரி ஸ்டோர்கீப்பரோட சம்சாரம்."

தங்கையின் முகம் வெளுத்தது. அறிவிப்புப் பலகையின் சாவி ஸ்டோர்கீப்பரிடம்தான் இருந்தது. திங்கள் காலை அந்தத் தாளை ஒட்டப்போவதே அவர்தான். தன் வீட்டுக் கருவியையும், தான் இல்லாத நேரத்தையும் அடையாளம் காண அவருக்குத் தபால்காரர் தேவையில்லை.

உடனே தலைமை மருத்துவருக்கு போன் போட்டாள். அண்ணன் பக்கத்திலேயே நிற்க, அறிக்கையைப் பலகையில் போட வேண்டாம் என்றாள்.

"பேரே இல்லாத தாள்தானேம்மா. இதுக்கு ஏன் பதறுறே?" என்றார் மருத்துவர்.

"சார், எங்கண்ணன் ஒரு டீ குடிக்கிற நேரத்துல மூணு பேரைக் கண்டுபிடிச்சிட்டாரு. மூணாவது ஆள் நம்ம ஊழியர் ஒருத்தர் வீடு. இது பலகைக்குப் போனா அந்தம்மா கதி என்ன ஆகும்னு தெரியல."

"சரி, தாள் என் மேஜையிலதான் இருக்கு. கிழிச்சிடறேன். ஆனா நாளைக்கு ஒட்டுறதா எல்லாருக்கும் சொல்லியாச்சே. ஏன் வரலைன்னு கேட்பாங்க" என்றார்.

"நான் தப்பா எண்ணிட்டேன்னு சொல்லிடுங்க சார்."

அண்ணன் அவள் தோளைத் தொட்டார். வேண்டாம் என்பதுபோல் இருந்தது. அவள் திரும்பவில்லை.

போனை வைத்ததும் கையிலிருந்த பிரதியைச் சுக்குநூறாகக் கிழித்தாள். "பதினாலு தடவை வந்திருக்காங்கண்ணா. உதவி நம்பர் பக்கத்தோட அடியில இருக்கு. ஒரு தடவைகூட அதுவரைக்கும் படிக்கல." அன்று மதியமே ஆபீஸுக்குப் போய், மருத்துவரின் அனுமதியோடு அந்த எண்ணைப் பக்கத்தின் உச்சிக்கே கொண்டுபோனாள். பழைய பதிவுகளை அழித்தாள். இனி அந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களை எண்ணுவதையே நிறுத்தினாள். மற்ற பக்கங்களில், இருபது பேருக்குக் குறைந்தால் பகுதியும் நேரமும் அறிக்கையில் வராதபடி செய்தாள்.

திங்கள் காலை தபால்காரர் ஆஸ்பத்திரிக்கான கடிதக் கட்டைக் கொண்டுபோனபோது, பதிவுத் தபாலுக்குக் கையெழுத்துப் போட வந்தது ஸ்டோர்கீப்பர்.

"என்னங்க, தங்கச்சி கோட்டை விட்டுட்டாங்களாமே! வெப்சைட்டே அவங்க கையிலதான்னு ஊரெல்லாம் சொன்னீங்க?"

பக்கத்தில் நின்ற இரண்டு நர்ஸுகள் சிரித்தார்கள். தபால்காரர் கையெழுத்துத் தாளை அவர் பக்கம் நீட்டினார்.

"ஆமாங்க. தப்பா எண்ணிட்டா."

பதினொரு மணிக்கு அவர் ரயில் பாதையைத் தாண்டித் தெற்கே இறங்கினார். அந்த வீட்டுக்கு ஒரு கடிதம் இருந்தது. ஜன்னல் பக்கம் பார்க்காமல் பெட்டியில் போட்டார். உள்ளே இருப்பவர் அந்த எண்ணைக் கண்டாரா, அழைத்தாரா என்பது தங்கைக்கு இனி தெரியாது. தெரிந்துகொள்ளும் வழியை அவளே அடைத்துவிட்டாள். தபால்காரருக்குத் தெரிந்ததையும் யாரிடமும் சொல்வதற்கில்லை. மணி அடிக்காமல் அடுத்த வீட்டுக்கு நடந்தார்.