வஜ்ஜிரம் படாத காவடி

வேலாயுதத்தின் காவடியை நான் வஜ்ஜிரம் வைத்துத்தான் ஒட்டினேன்!

இத்தனை வருடங்களாக இல்லையென்று சாதித்து வந்தேன். இல்லை, அதுகூடப் பொய். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை... அவ்வளவுதான்.

வஜ்ஜிரம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பசை அது. கட்டியாக விற்பார்கள். வெந்நீரில் வைத்து உருக்கித் தடவினால் ஒட்டிய மரம் பிரியாது. மேசை நாற்காலிக்கு அது வேண்டும். சாமி காரியத்தில் அதைச் சேர்க்க மாட்டார்கள்.

நான் தச்சன் இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த சாதாரணக் குமாஸ்தா. பகலெல்லாம் துரைக்கு முன்னால் கைகட்டி நின்றுவிட்டு, மாலையில் வீட்டுக்குப் பின்புறத் தாழ்வாரத்தில் பலகையைக் கிடத்தி இழைப்புளியைத் தள்ள ஆரம்பித்தால் எனக்கு உலகமே மறந்துபோகும்.

எப்படிச் சொல்வேன் உங்களுக்கு! முதலில் மரம் முரண்டு பிடிக்கும். வரி ஒரு பக்கம் ஓடும், நீங்கள் மறு பக்கம் தள்ளுவீர்கள், சிம்பு சிம்பாகப் பெயர்த்துக்கொண்டு வரும். மழை பெய்த மறுநாள் நேற்று பொருந்திய துண்டு இன்று பொருந்தாது. உள்ளங்கையில் கொப்புளம் வெடிக்கும். பிறகு ஏதோ ஒரு கணத்தில் உளி மரத்தின் போக்கைப் பிடித்துக்கொள்ளும்... சுருள் சுருளாகச் சீவல் எழும்பி முழங்கால்மேல் விழும். பலாமரத்துச் சீவலுக்கு ஒரு மஞ்சள் நிறம் உண்டு. தண்டவாளத்தில் எஞ்சின் பெருமூச்சு விட்டுப் போகும். புகையும் மரவாசமும் சேர்ந்து வரும். நான் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பேன்.

அந்த மிதப்பில் நான் குமாஸ்தா இல்லை. பெரிய மனிதன்! நாலு பேர் நின்று பார்க்கும் கைகள் என் கைகள். இந்தக் கனவுதான் என்னைக் கெடுத்தது.

அடுத்த வீட்டு வேலாயுதம் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர், என்னைவிட வயதில் இளையவர். அவர் மனைவி சரஸ்வதிக்குப் பிரசவத்துக்குப் பின் வந்த காய்ச்சல் இறங்கவேயில்லை. பத்துமலைக் குகைக் கோயிலுக்குப் பால்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டார். தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் இருக்கும்போது என் தாழ்வாரத்துக்கு வந்தார்.

"அண்ணே, கடையில வாங்க மனசு வரல. உங்க கையால ஒண்ணு செஞ்சு குடுங்க. வஜ்ஜிரம் மட்டும் வேணாம்ணே. கழுந்து செதுக்கி முளை அடிச்சே நிறுத்திடுங்க. வெரதம் இருக்கிறவன் தோள்ல மாட்டுத்தோல ஏத்தலாமா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதா வேலா? நீ போய்ச் சரசுவப் பாரு."

எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

பலாப்பலகை வாங்கி வந்தேன். இரண்டு பக்கப் பலகைகள், அவற்றை இணைக்கும் தண்டு, மேலே வளைக்கப் பிரம்பு. உண்மையாகவே பக்தியோடுதான் செய்தேன். குளித்துவிட்டுத்தான் உளியைத் தொட்டேன். ஒரு பக்கம் தண்டின் முனையில் செதுக்கிய கழுந்து பலகைத் துளைக்குள் இறங்கி நின்றபோது, சொன்னால் நம்பமாட்டீர்கள், கண்ணில் நீர் வந்துவிட்டது.

மறு பக்கத் துளையைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தேன். கொட்டாப்புளியால் உளியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். டொக்... டொக்... மனம் பத்துமலை மரப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தது. கூட்டம் விலகி வழி விடுகிறது. "யாரு செஞ்ச காவடி இது?" என்று யாரோ கேட்கிறார்கள். வேலாயுதம் என் பெயரைச் சொல்கிறார்...

விழித்துப் பார்த்தபோது உளி நான் போட்டிருந்த கோட்டைத் தாண்டிப் போயிருந்தது.

கழுந்து துளைக்குள் லொடலொடவென்று ஆடியது. ஆப்பு வைத்தேன். பலகையில் மயிரிழை விரிசல் ஓடியது. வேறு பலகை செய்ய நேரமில்லை. கடையில் நல்ல காவடி கிடைக்கும், நாலு எட்டு நடந்தால் வேலாயுதத்தின் வீட்டு வாசல். "கை தவறிடுச்சுப்பா, கடையில வாங்கிக்கோ" என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? வெட்கம்! துரையிடம் தினமும் திட்டு வாங்கும் நான் இந்த ஒரு இடத்திலாவது தவறாதவனாக இருக்க ஆசைப்பட்டேன். வேறு காரணமே கிடையாது.

அடுப்பை மூட்டினேன். முக்காலிகளுக்கு உருக்கும் வஜ்ஜிரச் சட்டி கையெட்டும் தூரத்திலேயே இருந்தது.

"என்னங்க நாத்தம் இது? காவடிக்கா?" என்று சமையல்கட்டிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"சேச்சே. முக்காலி காலு ஆடுது."

ஒட்டினேன். மரத்தூளைக் குழைத்து விரிசலில் தேய்த்தேன். அதன்மேல் மஞ்சள், அதன்மேல் சந்தனம். காலையில் வேலாயுதம் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சரஸ்வதி பிழைத்துக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருந்தால் சிரித்து முடிந்திருக்குமோ என்னவோ. ஆனால் வேலாயுதம் அந்தக் காவடியைக் கூடத்தில் மாட்டி விளக்கேற்ற ஆரம்பித்தார். வஜ்ஜிரம் படாத காவடி என்று பெயராகிவிட்டது. வேண்டுதல் உள்ளவர்கள் அதை இரவல் கேட்டு வந்தார்கள். வந்தவர்கள் தாழ்வாரத்தில் என்னையும் எட்டிப் பார்த்துக் கும்பிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆமாம், பிடித்திருந்தது!

அடுத்த தைப்பூசத்துக்கு மாரிமுத்து வந்தார். வேலாயுதத்துக்குத் தூரத்து உறவு. கிள்ளான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுபவர். அவருடைய ஒரே பையனுக்கு உடம்பு சரியில்லை. அந்தக் காவடியைத்தான் எடுத்தார். நானும் கூடவே நடந்து போனேன். அவர் தோளில் அது ஏறும்போதும் நான் பேசவில்லை.

மாதம் திரும்புவதற்குள் பையன் இறந்துவிட்டான்.

காரியம் முடிந்து மாரிமுத்து காவடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வேலாயுதத்தின் கூடத்தில் நானும் காப்பித் தம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். வேலாயுதம் கெட்டவர் இல்லை, நம்பியதைத்தான் சொன்னார்.

"காவடியில கொற இல்ல மாரி. சரசு எழுந்து நடக்கிறா பாரு. ஒன் வெரதத்துலதான் எங்கயோ கொற. யோசிச்சுப் பாரு."

மாரிமுத்து என்னைப் பார்த்தார். நான் காப்பியைப் பார்த்தேன்.

அவர் யோசித்திருக்கிறார்... மாதக் கணக்காக! மரம் வெட்டும்போதும், கஞ்சி குடிக்கும்போதும், மகன் படுத்த பாயைச் சுருட்டும்போதும் யோசித்திருக்கிறார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி நேரே என்னிடம் வந்தார். நான் இழைத்துக்கொண்டிருந்தேன். சீவலை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

"கண்டுபிடிச்சிட்டேண்ணே," என்றார். "வெரதத்துல ஒரு நாளு கிள்ளான் டேசன் பக்கம் தாகம் தாங்கல. ஒரு கடையில தேத்தண்ணி குடிச்சேன். அந்தக் கோப்பையில என்னென்ன ஊத்திக் குடிச்சாங்களோ. நான் கேக்காமக் குடிச்சிட்டேன். அதான் சாமி புள்ளைய எடுத்திருச்சு. அதானேண்ணே? காவடி செஞ்ச ஆளு, ஒங்களுக்குத் தெரியும்."

பசைக்கும் காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டுக்கொண்டேன். சம்பந்தமே இல்லையென்றுதான் நினைக்கிறேன். ஆனால் கேளுங்கள்... அந்த ஒரு நிமிடத்தில் அவரைக் காப்பாற்றும் வார்த்தை என்னிடம் மட்டும்தான் இருந்தது. "மாரி, அந்தக் காவடியிலேயே மாட்டு வஜ்ஜிரம் இருக்கு. அதச் சுமந்த வேலாயுதத்தோட பொண்டாட்டி பொழச்சுக்கிட்டா. ஒரு வாய்த் தேத்தண்ணிக்கா சாமி ஒன் புள்ளய எடுக்கும்?" இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. சொல்லியிருந்தால் என்னை அடித்திருப்பார். அடிக்கட்டுமே! அன்று இரவு தூங்கியிருப்பாரே.

தொண்டை வரை வந்தது. அடுத்த வீட்டில் வேலாயுதம் விளக்கேற்றி மணியடிக்கும் சத்தம் கேட்டது. என் கைகள் மடியில் கிடந்தன, நாலு பேர் கும்பிட்ட கைகள்...

"ஆமா மாரி," என்றேன். "அதுவாத்தான் இருக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நெடுநாள் தேடியது கிடைத்ததுபோல முகம் கொஞ்சம் தெளிந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. தண்ணீர் கேட்டார். என் மனைவி செம்பும் தம்ளரும் கொண்டுவந்து வைத்தாள். அவர் தம்ளரைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் குவித்து நீட்டினார்.

"பாத்திரத்துல குடிக்கிறத விட்டுட்டேண்ணே. இனிமே எங்கயும் இப்படித்தான்."

நான் ஊற்றினேன். முழங்கை வழியாகப் பாதித் தண்ணீர் தரையில் போயிற்று.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் அவர் வருகிறார். கூடத்திலிருக்கும் காவடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு என் தாழ்வாரத்துக்கு வருகிறார். கைகளைக் குவிக்கிறார். நான் ஊற்றுகிறேன்.