முகம் கீறாத றஹீம்

செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் உணவகத்துக்கு மீன் தரும் முல்லைத்தீவு வியாபாரி. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, வழக்கமான பகிடி, சிரிப்பு எதுவும் இல்லாமல் நின்றார்.

“அம்மா, உங்கட சுவரில படம் கீறின றஹீம் நானா மௌத்தாப் போயிட்டார். நித்திரையிலயே போயிட்டாராம். பகலைக்கே அடக்கம்.”

அன்று மீனின் செவுளை விரித்துப் பார்க்காமலே வாங்கினேன். கிளிநொச்சியிலிருந்து வாகனம் பிடித்து, என் முழங்காலையும் இழுத்துக்கொண்டு அவருடைய ஊரான தண்ணீரூற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருடைய மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். அவரிடம் சொல்ல வைத்திருந்த ஒன்றைச் சொல்ல முடியாமற்போனவளாக, அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

என் கணவர் இறந்த பிறகு, கண்டி வீதியில் இருந்த எங்கள் காணியில் உணவகம் கட்டினேன். உள்வேலைக்கு வந்தவர்கள் எல்லாரும் சுவருக்கு ஒட்டுப்படம் காட்டினார்கள். பனிமலை, நீர்வீழ்ச்சி, கண்ணாடிக் கோப்பையில் பழங்கள். வவுனியாவிலிருந்து ஆனையிறவு வரை எந்தக் கடைக்குள் போனாலும் அதே பனிமலைதான். எனக்கு அது வேண்டாம். இந்தச் சுவருக்கென்றே கீறிய படம் வேண்டும் என்றேன். அப்படித்தான் றஹீம் வந்தார். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலமெல்லாம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியவர், ஊர் திரும்பிய பிறகு சுவர்ப்படங்களும் கீறிவந்தார்.

முதல் மூன்று நாளும் அவர் தூரிகையைத் தொடவில்லை. ஒவ்வொரு கதிரையாக மாறி மாறி உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“என்ன றஹீம், கதிரை பழுது பார்க்கவோ வந்தனீங்கள்?”

“சாப்பிட இருக்கிற ஆளின்ட கண் எந்த உயரத்தில நிக்குதோ, அந்த உயரத்திலதான் படம் இருக்கவேணும், அம்மா. நிண்டு பார்க்கிறவைக்குக் கீறினா அது கண்காட்சி. இது சாப்பாட்டுக்கடை.”

வேறொரு நாள் சொன்னார்: “சாப்பிடுற ஆளைப் படம் கூப்பிடக் கூடாது. அவர் நிமிர்ந்து பார்த்தா, அங்க இருக்கவேணும். அவ்வளவுதான்.” பின்னர் படத்தில் வந்த அறுவடைக்காரரின் சட்டைகளுக்கு நான் கேட்ட பளிச்சென்ற சிவப்பை அவர் தராததும் அதனால்தான்.

நான் கேட்டது, அறுவடை நாளில் வரம்பில் இருந்து சாப்பிடும் ஆட்களின் படம். தொடங்குமுன் அவர் ஒன்று கேட்டார்: “ஆக்கள் எல்லாரும் பின்பக்கமாத்தான் வருவினம். சரியோ அம்மா?” முன்னால் நெல், பின்னால் தூரத்தில் ஆட்கள் என்று விளங்கிக்கொண்டு, “சரி” என்றேன். ஒரு கிழமை கழித்துப் போய்ப் பார்த்தால், சுவர் நிறைய ஆறு பேர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிடுகிறார்கள்!

“வாற ஆக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது என்ன மரியாதை?” என்று கத்தினேன்.

“கேட்டுத்தானே கீறினனான். நான் முகம் கீறுறதில்லை, அம்மா. எங்கட மார்க்கத்தில அது சரியில்லை எண்டு வாப்பா சொல்லி வளர்த்தவர்.” பிறகு மெல்லச் சிரித்தார். “சோத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறவைக்கு முதுகு தெரிஞ்சா குறையோ?”

என் தமிழில் பிழை பிடிக்க எவராலும் முடியாது என்று நினைத்திருந்தவள் நான். ஒரு சொல்லைச் சரியாகக் கேட்காதது என் பிழை. சுவரை அப்படியே விட்டேன்.

கடை திறந்து சில மாதங்களில் மனோன்மணி வந்தார். ஜெயபுரத்துக்காரர். இறுதி யுத்தத்தில் காணாமற்போன தன் மகனைப் பற்றி விசாரிக்க மாதம் ஒருமுறை அரசாங்கக் கந்தோருக்கு வருவார். அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவாமலே எழுந்து என்னிடம் வந்தார்.

“அக்கா, இடப்பக்கத்தால மூண்டாவதா இருக்கிறவன் என்ர பிள்ளை. அந்தத் தோளைப் பாருங்கோ. சைக்கிளால விழுந்து முறிஞ்ச தோள், பதிஞ்சுதான் இருக்கும். இதைக் கீறினவருக்கு அவனைத் தெரியுமோ?”

றஹீமிடம் கேட்டேன். ஸ்கந்தபுரத்தில் நெல்மூட்டை தூக்கும் ஒருவரைப் பார்த்துக் கீறியதாம். அந்த மனிதர் இன்றும் மூட்டை தூக்குகிறார். இதை மனோன்மணியிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதன் பிறகு மாதந்தோறும் அதே மேசைக்கு வந்தார். அங்கே வேறு யாரும் இருந்தால் எழும்பும்வரை காத்து நின்றார். ஒருநாள் கேட்டார்: “அக்கா, அவரிட்டச் சொல்லி இவனை ஒருக்கா இஞ்சால திருப்பி, முகம் தெரியக் கீறச் சொல்லுங்கோவன்.”

நான் றஹீமை வரவழைத்தேன். கெஞ்சிப் பழக்கமில்லை எனக்கு. அன்று கெஞ்சினேன். ஒரேயொரு முகம், மற்ற ஐந்தையும் விடுங்கள் என்றேன். அவர் சுவரின் கீழ்ப்பகுதியில் உரிந்த வர்ணத்தை நகத்தால் சுரண்டினார். அது என் கோபத்தைக் கூட்டியது.

“உங்கட மார்க்கம் ஒரு தாயை விடப் பெரிசோ?” என்று கேட்டுவிட்டேன்.

கடையில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

“மார்க்கம் ஒரு பக்கம் கிடக்கட்டும், அம்மா. முகம் கீறினா, அது தன்ர பிள்ளை இல்லை எண்டு அவா அந்த நிமிசமே கண்டிடுவா. இப்ப அவாவுக்கு ஒரு முதுகாவது இருக்குது. நான் திருப்பினா அதுவும் போயிடும்.”

அடுத்த மாதம் மனோன்மணி வரும் நாளைக் கேட்டறிந்து றஹீமே வந்தார். என் முன்னால்தான் அந்தப் பேச்சு நடந்தது.

“எப்ப தம்பி இவனைத் திருப்புவீங்கள்?”

“சாப்பிட்டு முடியட்டும், அக்கா. சாப்பிடேக்க ஆளை எழுப்பக் கூடாது.”

மனோன்மணி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் முதலில் கண்டது அன்றுதான்.

“ஓம், அவன் ஆறுதலா, மெள்ள மெள்ளத்தான் சாப்பிடுவான். சின்னனில இருந்தே அப்பிடித்தான். கோழி வந்து கொத்தும், அப்பவும் எழும்பான்.”

அதன் பிறகு வரும்போதெல்லாம் அவர் கேட்பார், றஹீம் இருந்தால் அதையே சொல்வார், இருவரும் சிரிப்பார்கள். மனோன்மணி எவ்வளவு தூரம் நம்பினார், எவ்வளவு தூரம் தெரிந்துகொண்டே கேட்டார் என்று எனக்குத் தெரியாது.

மார்க்கத்தை இழுத்து நான் கேட்ட அந்தக் கேள்விக்கு றஹீமிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் எதையும் காட்டிக்கொள்ளாமல் பெருநாள் இனிப்பாக வட்டிலாப்பம் கொடுத்தனுப்பினார். நானும் காட்டிக்கொள்ளாமல் பாத்திரத்தைக் கழுவித் திருப்பி அனுப்பினேன். மழை விட்டதும் சுவரின் கீழ்ப்பகுதியைத் திருத்தித் தர வருகிறேன் என்றார். அப்போது சொல்லலாம் என்று இருந்தேன். மழை விட்டது. அவர் வரவில்லை, செய்திதான் வந்தது.

சென்ற கிழமை மனோன்மணி வந்தார். றஹீம் இறந்தது பஸ்ஸில் யாரோ சொல்லித் தெரிந்திருந்தது. சோற்றைப் பிசைந்தவர் வாயில் வைக்காமல் கேட்டார்.

“இனி ஆரக்கா இவனைத் திருப்புறது?”

நான் படித்த கொன்வென்றில், கேட்ட கேள்விக்கு நேரான மறுமொழி சொல்லாதவளை மதர் வகுப்புக்கு வெளியே நிறுத்துவார். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த என்னிடம் ‘ஒருவருமில்லை’ என்ற நேரான மறுமொழி இருந்தும் அதைச் சொல்லவில்லை. ‘சாப்பிட்டு முடியட்டும்’ என்று றஹீம் சொன்ன பகிடியைச் சொல்லவும் முயன்றேன். அது அவர் வாயில் வந்தபோதுதான் பகிடி. நான் சொன்னால் பொய்யாகிவிடும். “குழம்பு கொஞ்சம் விடட்டோ?” என்று மட்டும் கேட்டேன். மனோன்மணி தலையாட்டினார். நான் குழம்பு விட்டேன்.

றஹீமிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, முகம் கீற மறுத்ததற்கு அவர் அன்று என்னிடம் மட்டும் சொன்ன அந்தக் காரணம். அதை அந்தத் தாயிடம் கொடுக்கவும் முடியவில்லை. இறக்கி வைக்கவும் எனக்கு இடமில்லை. அடுத்த மாதமும் மனோன்மணி வருவார்.